அர்ஃபஜாவின் மூக்கும் என் மேல்வரிசைப் பற்களும்



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. உழவர்கரையில் எங்கள் மஹல்லாவின் மக்தபில் மஃரிபுக்குப் பிந்தைய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சூரத்துல் கவ்ஸரை ஓதிக் காட்டினாள். முதல் வசனத்தின் இறுதிச் சொல்லில் வரும் ‘ஸா’ எழுத்து அவள் வாயில் சீழ்க்கையோடு கலந்து ‘ஷ’வைப் போல் ஒலித்தது. திருத்தினேன். மீண்டும் அதே ஒலி. மூன்றாம் முறையும் அப்படியே வந்தபோது சற்றே குரலை உயர்த்தினேன். அவள் அஞ்சவில்லை. “நீங்க இப்படித்தானே ஓதுனீங்க, ஹஜ்ரத்?” என்று கேட்டாள்.

அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. ஆசிரியர் ஓதியதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டோம் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அந்த நம்பிக்கை சரியானது, பிழை என்னுடையது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் என் மேல்தாடைப் பற்கள் முழுவதையும் இழந்திருந்தேன். கழற்றி மாட்டும் பல் செட் ஒன்றை அணிந்துதான் ஓதிக்கொடுத்து வந்தேன். என் வாயில் நேர்ந்த பிழை அந்தப் பிள்ளையின் நாவில் போய் அமர்ந்துவிட்டது.

பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் சொன்னது வேடிக்கைக்காக அன்று. எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும் தொல்காப்பியம், தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றோடு பல்லையும் ஓரிடமாக எண்ணுகிறது. வகரம் பல்லும் இதழும் கூடுவதால் பிறக்கும் என்றும் விளக்குகிறது. தஜ்வீத் கலையில் இக்கணக்கு இன்னும் நுட்பமானது. இமாம் இப்னுல் ஜஸரி (ரஹ்) அவர்கள் அரபி எழுத்துகளுக்குப் பதினேழு மக்ரஜ்களைக் குறிப்பிடுகிறார்கள். ‘ஃபா’ என்னும் எழுத்து மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடுவதால் பிறக்கிறது. ‘ஸா’, ‘தால்’, ‘ளா’ என்னும் மூன்றும் நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறக்கின்றன. ‘ளாத்’ எழுத்துக்கு நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைச் சார வேண்டும். மேல்வரிசைப் பற்கள் இல்லாதவனுக்கு இவை அனைத்தும் நழுவிப்போகும்.

சூரத்துல் ஃபாத்திஹாவில் அரபி எழுத்துகளுள் ஏழு இடம்பெறவில்லை. ‘ஸா’, ‘ளா’, ‘ஃபா’ மூன்றும் அந்த ஏழில் அடங்கும். என் சொந்தத் தொழுகையில் ஃபாத்திஹாவை ஓரளவு காத்துக்கொள்ள முடிந்தது என்று இதைக்கொண்டு ஆறுதல் அடைந்திருந்தேன். இயலாமையால் தடுமாறுபவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் அந்தச் சலுகை என் தொழுகைக்கு உரியது. என் இயலாமையை ஒரு பிள்ளைக்குப் பாடமாக்குவதற்கு அதில் இடமில்லை. அன்றிரவே முத்தவல்லியைச் சந்தித்து, ஓதல் வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்கு வரலாறும் துஆக்களும் மட்டும் சொல்லிக்கொடுத்தேன். இருபது ஆண்டுகளாகக் கேட்டுவந்த அந்தக் கூட்டு ஓதலைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டபோது மனம் கனத்தது.

பற்கள் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீரிழிவு நோய் உண்டு. மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தினேன்; சட்டைப்பையில் மிஸ்வாக் குச்சியும் இருந்தது. ஈறிலிருந்து இரத்தம் வந்தபோதோ, சூட்டினால் வருகிறது என்று விட்டுவிட்டேன். ஈறு நோய் வலிக்காது. பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளேயே கரைந்துகொண்டிருக்கும். பல் ஆடத் தொடங்கியபின் கோரிமேட்டிலுள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். மேல்தாடையில் காப்பாற்றத்தக்க பல் ஒன்றுமில்லை, கீழ்வரிசையைக் காப்பாற்றலாம் என்றார்கள். கீழ்ப்பற்களுக்குச் சிகிச்சை செய்து, மேற்பற்களை அகற்றினார்கள்.

பின்னர் வேறோரிடத்தில் அவசரமாகச் செய்துகொண்ட பல் செட் எனக்குப் பொருந்தவில்லை. மேல்தாடைக்கான முழுப் பல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டுதான் நிற்கும். எச்சிலின் மெல்லிய படலமே அதைப் பிடித்துவைக்கிறது. எலும்பு மிகவும் கரைந்திருந்த என் தாடையில் அது வாயைத் திறக்கும்தோறும் நழுவியது. அண்ணம் மூடப்பட்டதால் நாவுக்குத் தன் இடம் தெரியவில்லை. சிறுமி கேட்ட சீழ்க்கை அங்கிருந்துதான் வந்தது.

அப்போதுதான் முழுவரிசை இம்ப்ளான்ட் பாலம் என்னும் சிகிச்சையைக் கேள்விப்பட்டேன். தாடை எலும்பில் நான்கு முதல் ஆறு வரை திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் ஒரு வரிசைப் பற்களை ஒரே பாலமாகப் பொருத்திவிடுவார்கள். அண்ணம் திறந்தே இருக்கும். நகரில் ஒரு மருத்துவமனையில் செயற்கைப் பற்கள் துறையில் பட்டமேற்படிப்பு முடித்த மருத்துவர் அம்மா ஒருவரைச் சந்தித்தேன். அவர் என் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள் ஐயா; மற்றதைப் பிறகு பேசலாம்” என்றார். மூன்று மாதங்கள் கழித்துத்தான் பேச முடிந்தது.

“இதில் எது மிகச் சிறந்த பொருளோ அதையே வையுங்கள்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “எதற்குச் சிறந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார். அந்த மறுமொழி எனக்கு ஒரு நபிமொழியை நினைவூட்டியது.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்னும் நபித்தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். அவர் வெள்ளியால் ஒரு மூக்கு செய்து அணிந்துகொண்டார். நாளடைவில் அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. அப்போது நபி (ஸல்) அவர்கள், தங்கத்தால் மூக்கு அமைத்துக்கொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்க அணிகலன் தடுக்கப்பட்டது என்பது நாம் அறிந்ததே. எனினும் அங்கே தங்கம் அணிகலனாகப் பார்க்கப்படவில்லை. உடலின் ஈரத்தில் கெடாத பொருளாகப் பார்க்கப்பட்டது.

இந்த ஹதீஸிலிருந்தே பல்லைத் தங்கத்தால் கட்டலாமா என்னும் சட்டப் பேச்சு வளர்ந்தது. எங்கள் ஹனஃபி மத்ஹபிலேயே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஆடும் பல்லை வெள்ளியால் கட்டலாம், தங்கத்தால் கூடாது என்றார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் தங்கமும் ஆகும் என்றார்கள். வெள்ளியே போதுமானால் தங்கத்துக்குத் தேவை என்ன என்பதுதான் அவ்விருவருக்கும் இடையிலான கேள்வி. வாயில் வைக்கும் பொருளைப் பற்றி நம் இமாம்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள் என்பதை நான் மாணவனாக இருந்தபோது படித்திருக்கிறேன். அது என் வாய்க்கே பாடமாகும் என்று அன்று எண்ணவில்லை.

குர்துபாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி பத்தாம் நூற்றாண்டில் பிறந்து 1013இல் மறைந்தவர். தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஆடும் பற்களைக் கம்பியால் கட்டும் முறையை அவர் விளக்குகிறார். கம்பி தங்கமாக இருப்பதே நன்று, வெள்ளி நாள்பட்டால் பச்சை பாய்ந்துவிடும் என்பது அவர் கருத்து. விழுந்த பல்லுக்கு ஈடாக மாட்டெலும்பைச் செதுக்கி வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். அர்ஃபஜா (ரலி) அவர்களின் அனுபவமும் அஸ்ஸஹ்ராவியின் அனுபவமும் ஒன்றையே சொல்கின்றன: ஒரு பொருளின் விலையும் அழகும் பின்னால் வருபவை, ஈரமும் உப்பும் அழுத்தமும் நிறைந்த இடத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இந்தத் தேர்வில் இன்று முதலிடம் பெற்றிருப்பது டைட்டானியம். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952 வாக்கில் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியொன்றைப் பதித்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்தபின் கருவியை எடுக்க முனைந்தபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது. 1965இல் யோட்டபோரி நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பயன்பட்டன. காற்றோ நீரோ பட்ட கணமே டைட்டானியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. அந்தப் படலமே அதைத் துருவிலிருந்து காக்கிறது. எலும்பும் அதை அயலானாகக் கருதி விலக்குவதில்லை. தங்கமும் அன்று, வெள்ளியும் அன்று என்பதால் நம் பழைய சட்ட விவாதமும் இங்கே எழவில்லை.

இன்னொரு செய்தி. அக்காலப் பாலங்களின் உட்சட்டம் பெரும்பாலும் தங்கக் கலவையால் வார்க்கப்பட்டது. அதன்மேல் அக்ரிலிக் பற்களை ஏற்றினார்கள். அர்ஃபஜா (ரலி) அவர்களின் தங்கம் நம் காலம்வரை வாய்க்குள் தொடர்ந்தே வந்திருக்கிறது. பின்னர் கோபால்ட்-குரோமியமும் கணினியால் கடைந்தெடுக்கும் டைட்டானியமும் அவ்விடத்தைப் பிடித்தன. நான்கே திருகுகளில், பின்னிரண்டையும் சாய்வாகப் பதித்து முழுவரிசையையும் தாங்கவைக்கும் முறையை லிஸ்பன் நகரின் பாவ்லோ மாலோவும் அவர் குழுவினரும் 2003இல் கீழ்த்தாடைக்கும் 2005இல் மேல்தாடைக்கும் வெளியிட்டார்கள். எலும்பு குறைந்த என்னைப் போன்றோருக்கு அந்தச் சாய்வு ஒரு வரம். மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறையைத் தொடாமலேயே திருகைப் பதிக்க அது இடமளிக்கிறது.

திருகுகள் டைட்டானியம் என்பதில் பேச்சில்லை. மேலே வரும் பாலம் எதனால் ஆனது என்பதில்தான் தேர்வு இருந்தது. மருத்துவர் அம்மா மாதிரிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

முதலாவது, உலோகச் சட்டத்தின்மேல் அக்ரிலிக். 1930களின் பிற்பகுதியிலிருந்து பல் மருத்துவத்தில் பழகிய பொருள். எடை குறைவு, மெல்லும்போது அதிர்வைத் தணிக்கும், உடைந்தால் ஒட்டலாம், தேய்ந்தால் புதிய பல் வைக்கலாம். குறை என்னவெனில், தேயும், தேநீர்க் கறை ஏறும், எப்போதேனும் ஒரு பல் பெயர்ந்து கையோடு வரும். நுண்துளைகள் இருப்பதால் சுத்தம் செய்யாவிட்டால் வாடையும் பிடிக்கும்.

இரண்டாவது, உலோகத்தின்மேல் சுட்ட பீங்கான். பல்லைப் போன்ற பளபளப்பு உண்டு. ஆனால் உலோகமும் பீங்கானும் இரு இயல்பின. பாலம் நீண்டதாகும்போது பீங்கான் சில்லுச் சில்லாகப் பெயரும் வாய்ப்பு இருக்கிறது. வாய்க்குள் அதைச் சரிசெய்வது எளிதன்று.

மூன்றாவது, சிர்கோனியா. இன்று எல்லோரும் கேட்டு வருவது. சுண்ணக்கட்டி போன்ற மென்மையான நிலையில், வேண்டிய அளவைவிட ஏறத்தாழ கால்பங்கு பெரிதாகக் கடைந்து, சுமார் 1500 பாகை செல்சியசில் சுடுவார்கள். அது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். அதற்குள் ஓர் அதிசயம் இருக்கிறது. விரிசல் தொடங்கும் இடத்தில் அதன் நுண்மணிகள் வடிவம் மாறிச் சற்றே பருக்கின்றன. பருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி மேலும் பரவாமல் தடுக்கின்றன. மெருகேற்றிய சிர்கோனியாவில் கறையும் படலமும் எளிதில் ஒட்டுவதில்லை. தேய்மானமும் மிகக் குறைவு. ஆனால் எடை அதிகம்: ஒரே அளவுள்ள அக்ரிலிக்கைவிட ஐந்து மடங்கு. செய்துமுடித்தபின் வடிவத்தை மாற்றுவது கடினம். முறிந்துவிட்டால் ஒட்டமுடியாது, முழுப் பாலத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். விலையோ என் வருமானத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

சிர்கான் என்னும் பெயர் ‘பொன்னிறம்’ எனப் பொருள்படும் ‘ஸர்கூன்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அந்தச் சிர்கானும், டைட்டானியத்தைத் தரும் இல்மனைட்டும் ரூட்டைலும் நம் குமரிமாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கலந்து கிடக்கின்றன. இந்திய அரிய மணல் ஆலை அவற்றைப் பிரித்தெடுக்கிறது. என் வாயிலுள்ள உலோகம் எந்தக் கரையிலிருந்து வந்ததோ, அல்லாஹ்வே அறிவான். ஆயினும் நாம் காலால் மிதித்து நடக்கும் மணலில் எலும்போடு இணங்கும் உலோகத்தை அவன் வைத்திருக்கிறான் என்று நினைக்கும்போது நாவில் தஸ்பீஹ் தானாக வருகிறது.

இந்நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சான் தம் புதிய சிர்கோனியாப் பற்களைக் காட்டி, “செஞ்சா இதத்தான் செய்யணும் மச்சான். பணத்துக்கு யோசிக்காதீங்க, மீதிய நான் தர்றேன்” என்றார். அன்பினால் சொன்னார். அவர் வாயில் அப்பற்கள் ஒளிர்ந்தன. எனக்கும் ஆசை எழுந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அதற்குள் மார்க்கம் சார்ந்த வேறொரு கேள்வி குறுக்கிட்டது. ஓரிடத்தில் எலும்பு மிகக் குறைந்திருந்ததால் அங்கே எலும்புத் தூள் வைத்து, மேலே ஒரு சவ்வால் மூடவேண்டும் என்றார் மருத்துவர். இத்தூள் மாட்டெலும்பிலிருந்தும் செய்யப்படுகிறது. சவ்வுகளில் பலவும் பன்றியின் கொலாஜனால் ஆனவை. நான் தயங்கியதைக் கண்டு அவரே பொட்டலத்தின் எழுத்துகளைப் படித்துக் காட்டினார். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா, நிர்ப்பந்தம் எந்த அளவில் அனுமதிக்கும் என்பனவற்றில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாற்று இருக்கும்போது அந்தச் சர்ச்சைக்குள் நுழைய வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது. செயற்கையாகத் தயாரிக்கும் கால்சியம் பாஸ்பேட் தூளும், பன்றிக் கலப்பில்லாத சவ்வும் இருக்கின்றன. கேட்டபோது வரவழைத்துத் தந்தார். சகோதரர்களே, கேட்க வெட்கப்படாதீர்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுவிட்டால் மருத்துவருக்கும் எளிது, நமக்கும் மன அமைதி.

குளிப்புக் கடமையைப் பற்றியும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்புளிப்பது ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் ஸுன்னத். எளிதில் கழற்றும் பல் செட் நீரைத் தடுத்தால் அதைக் கழற்றிக் கொப்புளிக்க வேண்டும். எலும்போடு திருகிப் பொருத்தி, மருத்துவரன்றி யாரும் கழற்றமுடியாத பாலமோ உடலின் ஓர் உறுப்பைப் போன்றது. அதன்மேல் நீர் ஓடினால் போதும் என அறிஞர்கள் விளக்குகிறார்கள். மரணத்துக்குப் பின் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. மையித்தின் உடலைச் சிதைப்பது கூடாது.

பின் ஒருநாள் நான்கு திருகுகள் பதிக்கப்பட்டன. எலும்பு அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டதால் தற்காலிக அக்ரிலிக் பாலத்தை உடனடியாகப் பொருத்தினார்கள். எலும்பு ஒட்டி வளரும் நான்கு மாதங்களும் அதுவே என் வாயிலிருந்தது. மென்மையான உணவுதான் உண்ண வேண்டும். இந்த நான்கு மாதங்களே எனக்கு உண்மையான பாடமாயின.

தற்காலிகப் பாலம் வந்த மறுநாள் தனியே அமர்ந்து ஓதிப் பார்த்தேன். ‘ளாத்’ திரும்பியிருந்தது. ‘ஃபா’ சற்றுக் கனத்து வந்தது. ‘ஸா’வில் இன்னும் சீழ்க்கை. மருத்துவரிடம் சொன்னேன். முன்பல்லின் நுனி எங்கே நிற்க வேண்டும் என்பதை ‘ஃப’, ‘வ’ ஒலிகளைச் சொல்லவைத்தே தாங்களும் கண்டறிவதாக அவர் கூறினார். “உங்கள் எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நாக்கு எங்கே தொட வேண்டும், எங்கே தொடுகிறது என்று காட்டுங்கள்” என்றார். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தபடி நான் மக்ரஜ் பாடம் நடத்தினேன். அவர் பல்லின் விளிம்பை முடியளவு ராவினார். மீண்டும் ஓதச் சொன்னார். பாலத்துக்கும் ஈறுக்கும் இடையிலிருந்த சிறு இடைவெளியில் காற்றுக் கசிவதே சீழ்க்கைக்குக் காரணம் என்று கண்டு, அங்கே சிறிது அக்ரிலிக்கைச் சேர்த்தார். தூரிகை நுழைந்து சுத்தம் செய்யவும் வேண்டும், காற்றும் கசியக்கூடாது. அந்த நடுநிலையை எட்ட ஐந்து முறை சென்றுவந்தேன். சமயத்தால் வேறுபட்ட அந்த அம்மையார், ஓர் அரபி எழுத்து சரியாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் காட்டிய பொறுமையை என் துஆக்களில் நினைவுகூர்கிறேன்.

ஐந்தாம் முறை ‘ஸா’ சரியாக வந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. வலிக்கிறதா என்று அவர் பதறினார்.

நிரந்தரப் பாலத்தைத் தீர்மானிக்கும் நாள் வந்தது. தற்காலிகப் பாலத்தின் வடிவத்தை அப்படியே படியெடுத்துச் சிர்கோனியாவில் செய்யலாம். அதிலும் எழுத்துகள் சரியாகவே வரும் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். “ஆனால் உங்களுக்கு எலும்பு நிறையக் கரைந்திருக்கிறது. பல்லோடு ஈறின் பகுதியையும் சேர்த்துச் செய்தாக வேண்டும். அவ்வளவு உயரத்துக்குச் சிர்கோனியா வைத்தால் எடை கூடும். இடம் தாராளமாக இருப்பதால் டைட்டானியச் சட்டத்தின்மேல் அக்ரிலிக் நன்றாக அமையும். தேயும், கறைபடும், சில ஆண்டுகளில் பற்களை மாற்ற நேரும். இரண்டையும் யோசியுங்கள்” என்றார்.

இரு நாள் யோசித்தேன். என் தேவை என்ன? ஓதுவது, ஓதிக்கொடுப்பது, உண்பது. பின்னாளில் என் ஈறு சுருங்கி மீண்டும் காற்றுக் கசிந்தால், திருத்திச் சேர்க்கக்கூடிய பொருள் எனக்கு வேண்டும். பழுதானால் என் சம்பளத்திலேயே சரிசெய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிறர் தயவை ஒருமுறை ஏற்கலாம், ஒவ்வொரு பழுதுக்கும் எதிர்பார்க்கலாகாது. மச்சானிடம் நன்றி கூறி, டைட்டானியச் சட்டமும் அக்ரிலிக்கும் என்று முடிவு செய்தேன். அவருக்குச் சற்று வருத்தம்தான்.

அந்த முடிவை நான் நொந்துகொண்ட நாளும் உண்டு. சென்ற ரமளானின் ஒரு ஸஹர் வேளையில், பேரீச்சங்கொட்டை ஒன்றைக் கவனியாமல் கடித்துவிட்டேன். பக்கவாட்டுப் பல் ஒன்று பெயர்ந்து தட்டில் விழுந்தது. மச்சான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று மனம் புழுங்கியது. பகல் பதினொரு மணிக்கு மருத்துவரிடம் சென்றேன். திருகுகளின் வாயை மூடியிருந்த பூச்சை நீக்கி, பாலத்தைக் கழற்றி, பரிசோதனைக்கூடத்தில் புதுப் பல்லை ஏற்றி, அஸருக்கு முன் திரும்பப் பொருத்திவிட்டார்கள். செலவு ஒரு நல்ல சட்டைத் துணியின் விலையளவே. அன்றிரவு தராவீஹில் வழக்கம்போல் நின்றேன். அதே கடி சிர்கோனியாவை ஒன்றும் செய்யாமலும் போயிருக்கலாம்; உண்மைதான். ஆனால் ஒருவேளை அது முறிந்திருந்தால் அந்த ரமளான் முழுவதும் வாய்மூடி இருந்திருப்பேன்.

இதைப் படிப்போர் அக்ரிலிக்கே சிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மச்சானுக்கு எலும்பு குறையவில்லை, பாலத்தின் உயரம் சிறியது, பழுதுபார்க்கும் வசதியும் உண்டு. அவருக்குச் சிர்கோனியா பொருத்தமே. அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி ஒத்துவரவில்லை என்பதால் வெள்ளி தாழ்ந்ததாகிவிடவில்லை. அந்த உடலுக்கு, அந்தத் தேவைக்கு எது ஒத்துவருமோ அதை நாடும்படிதான் வழிகாட்டப்பட்டது. ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது “எது உயர்ந்தது?” என்று கேளாதீர்கள். “என் எலும்பில் எவ்வளவு இருக்கிறது? எதிர்வரிசையில் என்ன பல்? உடைந்தால் என்ன செய்வீர்கள், எவ்வளவு ஆகும்? திருகிக் கழற்ற முடியுமா? சுத்தம் செய்வது எப்படி?” என்று கேளுங்கள்.

சுத்தம் என்றதும் இன்னொன்று. எந்தப் பொருளானாலும் அடியிலுள்ள ஈறும் எலும்பும் நம்முடையவை. பல்லுக்கு வந்த நோய் இம்ப்ளான்டைச் சுற்றியும் வரும். சர்க்கரை மிகுந்தால் விரைந்து வரும். மிஸ்வாக்கோடு, பாலத்தின் அடியில் நுழையும் சிறு தூரிகையும் நீர் பீய்ச்சும் கருவியும் இப்போது என் அன்றாட வழக்கம். ஆண்டுக்கொரு முறை பாலத்தைக் கழற்றித் துலக்கி மாட்டுகிறார்கள். மிஸ்வாக்கைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் ஸுன்னத் நிறைவேறிவிடாது என்பதை ஒரு வரிசைப் பற்களைக் கொடுத்துக் கற்றேன்.

ஓதல் வகுப்பு மீண்டும் என்னிடம் வந்தது. முதல் நாளே அந்தச் சிறுமியை அழைத்து சூரத்துல் கவ்ஸரை ஓதச் சொன்னேன். பழைய ‘ஷ’ அப்படியே இருந்தது. என் வாயைச் சரிசெய்ய நான்கு மாதங்கள் ஆயின. அவள் நாவைச் சரிசெய்ய ஆறு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. கண்ணாடியை முன்னால் வைத்து, நாவின் நுனி பல்விளிம்பில் தெரிகிறதா என்று நாள்தோறும் பார்க்கச் சொன்னேன். இப்போது அவளுக்குப் பத்து வயது. சென்ற வாரம் தன் தம்பிக்கு அவளே ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்று கேட்டேன். அக்காள் வாயிலும் சரியாக இருந்தது. தம்பி வாயிலும் சரியாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அல்லாஹ் நமக்கு அளித்த உறுப்புகளைக் காத்துக்கொள்ளும் அறிவையும், இழந்தவற்றுக்கு ஏற்ற மாற்றைத் தேடும் தெளிவையும், நம் குறைகள் நம் பிள்ளைகளைச் சேராமல் காக்கும் எச்சரிக்கையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.